மிளகு கறுத்துக் காய வேண்டுமானால்

கேள்வி: கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் பன்னியூர்-1 மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். பறித்த சரங்களை அண்டாவில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் காயவைக்கிறேன். மிளகு பழுப்பாக மங்கிவிடுகிறது; பூசணமும் பிடிக்கிறது. வியாபாரி விலையைக் குறைக்கிறார். என்ன செய்வது?

பதில்: கொடியிலும் ரகத்திலும் குறையில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் நிறத்தைக் கெடுக்கிறது. பச்சை மிளகின் தோலில் உள்ள நொதி காற்றுப்பட்டு வேலை செய்தால்தான் தோல் கறுக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கினால் தோலின் செல்கள் உடைந்து அந்த வேலை வேகம் பிடிக்கும். கூடுதலாக வெந்தால் நொதியே செயலிழந்துவிடும். பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் கருமை ஏறாது.

இனி மணிகளை முதலில் உதிர்த்து, மூங்கில் கூடையில் அள்ளி, தளதளவெனக் கொதிக்கும் நீரில் ஒரே ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நீர் வடிந்ததும் வெயிலில் பரப்புங்கள்.

பூசணத்துக்குக் காரணம் ஈரம். சிமெண்ட் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, பனி இறங்குவதற்குள் மூடிவிடுங்கள். சாணம் மெழுகிய தரையும் சாலையோரமும் வேண்டவே வேண்டாம். இது வாயில் போடும் பண்டம். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலக்க வேண்டும். கடித்தால் நொறுங்க வேண்டும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 33 முதல் 35 கிலோ தேறும். அதைவிட மிகுதியாக நின்றால் மகிழாதீர்கள், உள்ளே ஈரம் இருக்கிறது.

பறிக்கும் பருவத்தையும் கவனியுங்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிக்கலாம். இளங்காயைப் பறித்தால் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மணிகள் மிகும், எடை நிற்காது. வியாபாரி லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவு மிளகின் எடை, பார்ப்பது இதற்காகத்தான். 550 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நீங்கள் தைரியமாக விலை பேசலாம்.

முழுதும் பழுத்தவற்றைத் தனியே எடுத்துச் சாக்கில் கட்டி, தினமும் நீரை மாற்றி ஏழெட்டு நாள் ஊறவையுங்கள். தோலைக் கசக்கி நீக்கிக் காயவைத்தால் வெண்மிளகு. ரசத்துக்கும் பொங்கலுக்கும் கருமிளகின் வாசம்தான் வேண்டும். வெண்மிளகை வாங்குவோர் சூப், வெள்ளைக் குழம்பு வகைகள் செய்யும் ஓட்டல்காரர்கள். 100 கிலோ பழத்துக்கு 25 கிலோதான் கிடைக்கும் என்பதால், வாங்குபவரிடம் விலையைப் பேசி முடித்த பிறகே ஊறப்போடுங்கள்.