வாசகர் கேள்வி – பதில்: அபர்ணா சென் தமக்கு ஒதுக்கிக்கொண்ட இடம்

கேள்வி: பானுமதி 'சண்டிராணி'யை இயக்கியபோது இரட்டை வேடத்திலும் தாமே நடித்தார். சாவித்திரி 'பிராப்தம்' படத்தை இயக்கியதோடு சிவாஜிக்கு ஜோடியாகவும் நடித்தார். வங்காளத்தில் புகழ்பெற்ற கதாநாயகியாக இருந்த அபர்ணா சென் மட்டும் தம் முதல் படத்தில் நடிக்காதது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தக் கதையில் அவர் நடிப்பதற்கு இடமே இல்லை என்பதுதான் நேரான பதில். 1981-இல் வெளிவந்த '36 சௌரிங்கி லேன்' படத்தின் நாயகி வயலெட் ஸ்டோன்ஹாம், கல்கத்தாவில் பள்ளி மாணவிகளுக்கு ஷேக்ஸ்பியர் கற்பிக்கும், திருமணமாகாத, முதுமையைத் தொட்டுவிட்ட ஆங்கிலோ இந்திய ஆசிரியை. அபர்ணாவுக்கோ அப்போது 35 வயது. தம்மால் நடிக்கவே முடியாத ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்து ஒரு கதாநாயகி தம் முதல் திரைக்கதையை எழுதினார் என்பது, நீங்கள் கேட்டதைவிடவும் யோசிக்கத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. இருபது ஆண்டுகள் கேமராவின் முன் நின்றவருக்கு, அந்தக் கேமரா யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் கடந்து போகிறது என்பது மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

திரைக்கதையைப் படித்த சத்யஜித் ராய் அவரை ஊக்கப்படுத்தினார். சசி கபூர் தயாரித்தார். அவருடைய மனைவி ஜெனிபர் கெண்டல் வயலெட்டாக நடித்தார். வயலெட்டின் வீட்டில் அவருக்குத் துணை ஒரு பூனை மட்டுமே. அதன் பெயரும் 'சர் டோபி' என்று ஷேக்ஸ்பியரிடமிருந்து வந்ததுதான். பழைய மாணவி ஒருத்தியும் அவளுடைய காதலனும், அவன் அமைதியாக உட்கார்ந்து எழுத ஓர் இடம் வேண்டும் என்று சொல்லி, ஆசிரியை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்த வீட்டைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தம்மைத் தேடி வரும் இளையவர்களால் வீடு கலகலப்பானதென்று அந்த அம்மாள் மகிழ்ந்துபோகிறார். அந்த இருவருக்கும் திருமணமாகிச் சொந்த வீடு அமைந்துவிட்ட பிறகு அவருடைய தேவை தீர்ந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் இரவில், தாமே செய்த கேக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார். ஊரில் இருக்கமாட்டோம் என்று சொன்னவர்கள் உள்ளே விருந்தாளிகளோடு ஆடிப்பாடிக் கொண்டிருப்பதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமலே திரும்பி நடக்கிறார். ஆளில்லாத தெருவில் ஒரு நாய் அவர் பின்னால் வருகிறது. அந்த நாயிடம் அவர் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் லியர் மன்னனின் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார். வேறோர் இயக்குநராக இருந்தால் அந்த இடத்தில் வயலினைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார் என்பது என் சந்தேகம்.

அந்தப் படத்துக்காக அபர்ணாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும், அசோக் மேத்தாவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன.

கேள்வி: ராயின் படத்தில் அறிமுகமானவர், அப்பாவும் சினிமா விமர்சகர். இவ்வளவு பின்புலம் இருந்தால் யார்தான் இயக்குநராக மாட்டார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: பின்புலம் இருந்தது உண்மை. தந்தை சிதானந்த தாஸ்குப்தா, 1947-இல் ராயுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1961-இல் 'தீன் கன்யா'வின் மூன்றாவது கதையான 'சமாப்தி'யில், மரமேறித் திரியும் அடங்காத மணப்பெண்ணாக மகள் நடித்தபோது அவருக்கு வயது 15. ஆனால் அதற்குப் பிறகு அபர்ணாவுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் வெகுஜனப் படங்கள்தான். பின்புலமே போதுமென்றால் முதல் படம் வர இருபது ஆண்டுகள் ஆகியிருக்காதே!

கேள்வி: 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் அவர் காட்டிய தமிழ்ப் பெண் நம்பும்படியாக இருக்கிறாரா?
– வாசகர், சென்னை

பதில்: பேச்சில் அவ்வளவாக இல்லை, நடத்தையில் முழுவதுமாக இருக்கிறார். மீனாட்சி ஐயராக நடித்தவர் அபர்ணாவின் மகள் கொங்கனா சென் சர்மா. அவர் சென்னைக்கு வந்து பழகிவிட்டுத்தான் நடித்தார் என்றாலும், தமிழ் வாக்கியங்கள் வரும்போது நம் காது சற்றே இடறுகிறது. ஆனால், கைக்குழந்தையுடன் பேருந்தில் போகும் அவள், வழித்துணையாக வந்த ராஜா என்பவன் முஸ்லிம் என்று தெரிந்ததும், அவனிடமிருந்து வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டோமே என்று பதறும் காட்சியை எந்தத் தமிழ் வீட்டாரும் அந்நியம் என்று தள்ளிவிட முடியாது. அதே பெண்தான், கலவரக் கும்பல் பேருந்தில் ஏறிப் பெயர் கேட்கும்போது, குழந்தையை அவன் மடியில் வைத்து, இவர் என் கணவர், நாங்கள் ஐயர் என்று சொல்லிவிடுகிறாள். பதறியதற்கும் காப்பாற்றியதற்கும் இடையே அவள் மனம் திருந்தியதாக ஒரு வசனம்கூடக் கிடையாது. கையில் குழந்தையோடு இருப்பவள் அந்த நொடியில் செய்த காரியமாகவே அது நிற்கிறது. 2002-இல் வந்த இப்படம் அபர்ணாவுக்கு இயக்கத்துக்கான தேசிய விருதை இரண்டாம் முறையாகவும், கொங்கனாவுக்குச் சிறந்த நடிகைக்கான விருதையும் பெற்றுத்தந்தது.

கேள்வி: தாம் இயக்கிய படங்களில் அவர் நடித்ததே இல்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: நடித்திருக்கிறார், ஆனால் எந்த இடத்தில் என்று பாருங்கள். 1985-இல் வந்த 'பரமா'வில், எல்லோராலும் அண்ணி, மருமகள், அம்மா என்று உறவுமுறையால் மட்டுமே அழைக்கப்பட்டுத் தன் பெயரே மறந்துபோன இல்லத்தரசியாக ராக்கி நடிக்க, அபர்ணா அவளுடைய தோழியாக வந்துபோகிறார். 2000-இல் வந்த 'பாரமிதார் ஏக் தின்' படத்தில் மருமகள் ரிதுபர்ணா சென்குப்தா, மாமியார் இவர். அந்த மாமியாரின் சிராத்தத்தில்தான் படமே தொடங்குகிறது. விவாகரத்தாகிப் போன மருமகள் அந்தச் சடங்குக்கு வந்து உட்கார்ந்திருக்க, அவளுடைய நினைவின் வழியாகத்தான் மாமியார் நம் முன் உயிரோடு நடமாடுகிறார். 2011-இல் வெளியான 'இதி மிருணாளினி'யில் தலைப்புப் பாத்திரத்தையே ஏற்றார். அதிலும் மிருணாளினியின் இளமைப் பருவத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, வயதாகிவிட்ட நடிகையின் பகுதியைத் தமக்கு வைத்துக்கொண்டார்.