கோகர்ணம் போக அம்மாவுக்கு இலவச டிக்கெட் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வேலூரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுக்கு (வயது 63) திருக்கோகர்ணம் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நான், அம்மா, கணவர், எட்டு வயது மகன் என நாலு பேர். வாடகைக் காருக்கு வசதி இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம்தானே? கலாசிபாளையத்தில் ஒரு ஏஜென்ட் 'கோகர்ணத்திலேயே இறக்கிவிடுவோம், ரூமும் தரிசனமும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார். நம்பலாமா? முன்பின் தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் அம்மாவோடு இறங்கி நிற்கப் பயமாக இருக்கிறது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

பதில்: ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். கோகர்ணம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், துளுவ நாட்டில், அதாவது கர்நாடகக் கரையோரத்தில் இருக்கும் ஒரே பாடல் பெற்ற தலம். அம்மாவின் ஆசை நியாயமானது, சிக்கனமாகவே அதை நிறைவேற்றலாம்.

உங்கள் கதை வேறு, அம்மாவின் கதை வேறு. சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு மாநிலத்துக்குள் அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என அரசு கொடுத்த எதுவானாலும் சரி, அதில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு பூஜ்ய ரூபாய் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுப்பார். இறங்கும் வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள், பரிசோதகர் ஏறினால் கேட்பார். ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள். அசல் அட்டையை எடுத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் போனில் அரசின் டிஜிலாக்கர் செயலியைத் திறந்து காட்டுங்கள். கேலரியில் இருக்கும் ஆதார் போட்டோவைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

அம்மாவின் ஆதாரில் வேலூர் முகவரிதான் இருக்கும். அப்படியானால் அவருக்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். மகள் இங்கே குடியிருக்கிறாள், மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் எந்த ஊர்ப் பெண்ணும் அட்டை காட்டாமல் ஏறி உட்காருகிறார். அந்தப் பழக்கத்தில் நம் அம்மாக்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள். கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னதும் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, வயதானவர் கூசிப்போகிறார். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பல மொழியில் எழுதி ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டு வாசலிலும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? பெங்களூரில் தமிழும் தெலுங்கும் உருதும் பேசுகிற பெண்கள் எத்தனை லட்சம் பேர்! நல்ல திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டு, அதை விளக்கும் வேலையை நெரிசலில் நிற்கும் கண்டக்டர் தலையில் கட்டியிருக்கிறார்கள். தகுதி இல்லாதவருக்கு இலவச டிக்கெட் கொடுத்துவிட்டால் அவர் வேலைக்கே சிக்கல் வரும். அதனால் அவரோடு சண்டை வேண்டாம்.

அப்படியானால் அம்மாவின் ஆதாரைக் கர்நாடகத்துக்கு மாற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிரவுசிங் சென்டர்களில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். 'ஆயிரம் ரூபாய் கொடுங்கள், வாடகை ஒப்பந்தம் தயார் செய்து முகவரியை மாற்றி, சக்தி கார்டும் வாங்கித் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆதார் சேவை மையத்தில் முகவரி மாற்றத்துக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. சக்தி திட்டத்துக்கு ஸ்மார்ட் கார்டு வரும் என்று 2023லேயே அறிவித்தார்கள். அது இருந்தால்தான் பயணம் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று. பொய்யான வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மாட்டுவது அம்மாதான், சென்டர்காரர் அல்ல. முக்கியமாக, அம்மாவுக்கு வேலூரில் ரேஷன் கார்டு இருக்கலாம், மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரலாம். ஒரு பஸ் டிக்கெட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஊரில் வந்துகொண்டிருப்பதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மா உண்மையிலேயே உங்களோடு நிரந்தரமாகத் தங்க வந்திருந்தால் முகவரியை நிதானமாக மாற்றுங்கள். அதற்கும் இந்த யாத்திரைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். முன்பு எப்போதாவது இங்கே இருந்தபோது கர்நாடக வாக்காளர் அட்டை வாங்கி, அது இன்னும் செல்லுபடியாக இருந்தால் ஆதாரை வெளியே எடுக்கவே வேண்டாம், அந்த அட்டை போதும்.

உங்களுக்கே இலவசம் என்றாலும் எல்லா பஸ்ஸிலும் அல்ல. 'கர்நாடக சாரிகே' என்று ஓடும் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் செல்லும். ராஜஹம்சா, பல்லக்கி, ஐராவத, அம்பாரி ஆகியவற்றில் செல்லாது. கோகர்ணத்துக்கு இரவில் நேராகப் போகும் வண்டி எந்த வகை என்பதை டிக்கெட் பதிவு செய்யும்போதே பாருங்கள். மகனுக்கு அரை டிக்கெட், கணவருக்கு முழு டிக்கெட். 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

இலவசம் என்பதற்காக நீங்கள் பெங்களூரிலிருந்து ஹுப்ளி, அங்கிருந்து அங்கோலா, அங்கிருந்து கோகர்ணம் என்று பஸ் மாறி மாறிப் போகலாம். தனியாகப் போகும் இளவயதுப் பெண்ணுக்கு அது சரி. 63 வயது அம்மாவோடும் எட்டு வயதுப் பிள்ளையோடும் வேண்டாம். என் யோசனை இதுதான்: போகும்போது ரயில். பெங்களூரிலிருந்து கார்வாருக்குத் தினமும் மாலையில் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஸ்லீப்பரில் முன்கூட்டியே நாலு இடம் போட்டுவிட்டால் அம்மா படுத்துக்கொண்டே வருவார், விடிந்ததும் கடற்கரை. வழியில் கோகர்ணா ரோடு என்று ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கினால் ஆட்டோ கேட்கும் விலைதான் விலை. அதற்கு முன்னால் வரும் கும்டாவில் இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் கும்டா பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து கோகர்ணத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், பகலில் பஸ் அடிக்கடி உண்டு. அந்த பஸ்ஸில் உங்கள் அட்டை செல்லும், அம்மாவுக்குச் சில்லறைச் செலவுதான். விடியற்காலைப் பயமும் இதில் தீர்ந்துவிடும்.

பஸ்ஸில்தான் போவோம் என்றால் அரசு பஸ்ஸில் போங்கள், அதுவும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து. நாம் ஊருக்குப் போக சாந்திநகர், சேட்டிலைட் என்று பழகியவர்கள், அந்த ஞாபகத்தில் அங்கே போய் நிற்காதீர்கள். டிக்கெட்டில் ஏறும் இடம் எது என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கோகர்ணம் இருக்கும் உத்தர கன்னட மாவட்டத்தில் ஓடுவது பெரும்பாலும் ஹுப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட வடமேற்கு கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகள். கழகம் வேறானாலும் சக்தி திட்டம் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

இனி அந்த ஏஜென்ட் விஷயம். 'கோகர்ணத்திலேயே இறக்கிவிடுவோம்' என்ற சொல்லை வாயால் சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட்டில் இறங்கும் இடம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோவா, கார்வார் போகும் தனியார் ஸ்லீப்பர் பஸ்கள் பல ஊருக்குள் நுழைவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 66ல் மாதனகேரி கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கோகர்ணம் சுமார் பத்து கிலோமீட்டர். நாலரை மணி இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பெட்டிகளோடு ஒரு குடும்பம் நிற்கும்போது ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். பஸ் கிளீனருக்கும் அந்த ஆட்டோவுக்கும் பழக்கம் இருந்தால் நமக்குத் தெரியப் போவதும் இல்லை. ஏஜென்டுக்கு போன் செய்தால், 'கோகர்ணம் என்றால் அதுதாங்க ஸ்டாப்' என்பார். ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு இப்படிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தனியார் பஸ்கள் எந்த இடத்தில் பயணியை இறக்கலாம் என்று கண்டிப்பான விதி போட்டு, அதைக் கண்காணிக்க யாருக்கும் அக்கறை இல்லை.

ரூமும் தரிசனமும் சேர்த்துத் தருகிறோம் என்பதும் அதே வலைதான். கோகர்ணத்தின் மகாபலேஸ்வரர் கோயில் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகிற தூரம், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அம்மாவால் மெதுவாக நடக்க முடியும் என்றால் ஆட்டோவே தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒருவர் அருகில் வந்து 'தர்ப்பணமா, பூஜையா, ரூம் வேணுமா' என்று தமிழிலேயே கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லி நடங்கள். கோகர்ணத்தில் தலைமுறை தலைமுறையாக வைதீகம் செய்யும் புரோகிதக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்லவில்லை. நடுவில் நிற்கும் தரகர்தான் பிரச்சினை. எந்தப் பூஜையானாலும் கோயில் அலுவலகத்துக்குப் போய் என்ன கட்டணம் என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு செய்யுங்கள். உங்கள் கணவர் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பையில் ஒரு வேட்டி வைத்துவிடுங்கள். அங்கே வாங்கினால் விலை வேறு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுங்கள். ரூமையும் சும்மா கையில் பையோடு தேடாதீர்கள். அம்மாவையும் மகனையும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்து, கணவர் துணைக்கு இருக்க, நீங்கள் மட்டும் போய் இரண்டு மூன்று இடம் பார்த்து விலை கேளுங்கள். பெட்டியோடு நிற்பவருக்கு ஒரு விலை, வெறுங்கையோடு வருபவருக்கு ஒரு விலை என்பது எல்லா யாத்திரை ஊரிலும் உள்ளதுதான்.

கன்னடம் படிக்க வராது என்று கவலைப்படாதீர்கள். ஊர் பஸ்களில் போர்டு பெரும்பாலும் கன்னடத்தில் மட்டும்தான் இருக்கும் என்பது உண்மை. வெளியூர் ஜனங்கள் இத்தனை வருகிற ஒரு தலத்தில்கூட அப்படித்தான். கிளம்பும் முன் அல்சூரில் கன்னடம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமாவது கும்டா, கோகர்ணா, அங்கோலா என்ற மூன்று பெயர்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி வாங்குங்கள். எழுத்தைப் பார்த்து வடிவத்தைப் பொருத்திவிடலாம், இதில் உங்கள் மகன் உங்களைவிட வேகமாக இருப்பான். அதோடு ஏறும் முன் கண்டக்டரிடம் 'கோகர்ணக்கே ஹோகுத்தா?' (கோகர்ணம் போகுமா?) என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பஸ் நேரத்தை டீக்கடையில் கேட்காதீர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கவே கேட்காதீர்கள். 'கடைசி பஸ் போயிடுச்சு' என்று சொன்னால் அவருக்கு லாபம். நம் ஊரில் டைம் கீப்பர் என்போமே, அதே வேலையில் இங்கே கண்ட்ரோலர் ஒருவர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதுதான் நேரம். வந்து இறங்கிய உடனே, திரும்பிப் போகும் நாளைக்குக் கும்டாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய கரையோர ஊர் அது, மாலைக்கு மேல் வண்டிகள் குறைந்துவிடும்.

பைகளைப் பத்திரமாக வைக்கும் அறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அம்மாவால் தூக்க முடிகிற அளவில் ஒரு பை, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அது போதும். கழிவறைக்கும் டிக்கெட்டுக்கும் பத்து, இருபது ரூபாய் நோட்டும் சில்லறையும் தனியாக முடிந்துகொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் போகாதீர்கள். 2024 ஜூலையில் அங்கோலா அருகே ஷிரூரில் மலை சரிந்து தேசிய நெடுஞ்சாலை நாள்கணக்கில் அடைபட்டது. மலைப்பாதைகளிலும் அந்த மாதங்களில் பஸ்களைச் சுற்றி விடுவார்கள். கொங்கண் பாதை ரயில்களுக்கும் மழைக்காலத்துக்கென்று தனி நேர அட்டவணை இருக்கிறது, பழைய நேரத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி போயிருக்கும். நவம்பருக்கு மேல் பிப்ரவரிக்குள் ஒரு நாளைப் பாருங்கள். சிவராத்திரியை ஒட்டி மட்டும் வேண்டாம். கூட்டமும் ரூம் வாடகையும் அம்மாவுக்கும் உங்கள் பைக்கும் தாங்காது.

திரும்பும்போதும் அதே பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ்தான், மாலையில் கார்வாரிலிருந்து புறப்படும். போகிற டிக்கெட்டோடு வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். கும்டாவில் ஏற, கோகர்ணத்திலிருந்து பிற்பகலிலேயே பஸ் பிடித்துவிடுங்கள், கடைசி நேரம் வரை கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஏஜென்டிடம் முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். ரசீதே தரவில்லை என்றால், இனி ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.