ஏரியைத் திறந்தால் மட்டும்தான் அடையாற்றில் வெள்ளமா?

சென்னையில் அடையாற்றங்கரையிலுள்ள மணப்பாக்கத்தில் வீடு வாங்கவிருக்கும் தாங்கள், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால்தானே அடையாறு பெருகும் என்று கேட்டிருந்தீர்கள். அப்படியன்று. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர், யாரும் திறக்காமலேயே கலங்கல் (ஏரி நிரம்பியதும் நீர் தானே வழியும் தாழ்வான சுவர்) வழியாக வழிந்து ஆற்றில் சேர்கிறது. செம்பரம்பாக்கத்து நீர் திருநீர்மலை அருகே வந்து அதனுடன் கலக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை வெளியேற்றப்பட்டதாக அரசு கூறியது. ஆற்றில் ஓடியதோ அதைவிட அதிகம். பட்டினப்பாக்கம் முகத்துவாரத்தை அலைகள் மணல் குவித்துக் குறுக்குவதால், கடல் ஏற்றத்தின்போது வெள்ளம் வடியத் தாமதமாகும். ஆகவே, முன்பணம் கொடுக்குமுன், அத்தெருவின் பழைய மதில்களில் 2015ஆம் ஆண்டுச் சேற்றுக்கறை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை நேரில் பாருங்கள். புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தால் பக்கத்து வீட்டாரிடம் அவசியம் விசாரியுங்கள்.