மகன் ஆமித் தொப்பி வாங்கியிருக்கிறான்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் பாதி அந்தத் தொப்பியைப் பற்றித்தான். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு நிற்கிற பெடியன் காசு சேர்த்து ஆமிக்காரர் போடுகிற பச்சைப் புள்ளித் தொப்பியை வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறான். கேட்டால் ஆமியில் சேரப்போகிறேன் என்கிறான். உங்களுக்கு நித்திரை இல்லை. 2009இல் போர் முடிவதற்கு முந்திய திருகோணமலையில் வாழ்ந்த எந்தத் தாய்க்குத்தான் வரும்?

முதலில் அவசரமான விஷயம். இலங்கையில் இராணுவப் புள்ளித் துணியைப் பொதுமக்கள் போடுவது சட்டச் சிக்கல். கோணேசர் கோவிலுக்கு நாம் போகிற வழியே ஆமி இருக்கிற கோட்டைக்குள்தான். அங்கே அதை மாட்டிக்கொண்டு போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவனோடு இருந்து அந்தத் தொப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுற்றிவர விளிம்பு, வெயிலும் மழையும் கழுத்தில் இறங்காமல் இருக்க. பக்கத்துத் துளைகள் காற்றுக்கு. மேலே தைத்த நாடா வளையங்களில் இலை தழை செருகினால் தூரத்திலிருந்து தலை தலையாகத் தெரியாது. அமெரிக்கர் இதைப் 'பூனி' என்பார்கள். பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் மலையைக் குறிக்கும் 'புந்தொக்'தான் அந்தச் சொல்லின் வேர். தொப்பி வியட்நாம் போரில் பேர்பெற்றது. அதற்கு முன்பே மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் படை இதே மாதிரி ஒன்றைப் போட்டது. காட்டில் நாள்கணக்காகக் கிடக்கிறவனுக்காகச் செய்த பொருள் இது, படம் எடுப்பதற்கு அல்ல. எந்தக் காடு, எந்த முகாம் என்பதையும் போட்டிருக்கிறவன் தீர்மானிப்பதில்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தொப்பியிலும் ஆமியிலும் எது பிடித்தது என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்; வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தால் 18 வயதில் தானே போய்க் கையெழுத்து வைப்பான்.

நிரந்தரச் சம்பளம், பென்ஷன் என்றால், ஆமியின் ஆட்பலத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அரசாங்கம் 2023இல் அறிவித்தது. ஆளைக் குறைக்கிற இடத்தை நம்பிப் படிப்பை விடக்கூடாது.

சீருடை மரியாதை என்றால், சரி, ஏ.எல் (உயர்தரம்) முடித்து அதிகாரியாகப் போகட்டும். ஆமி அதிகாரிகளுக்குத் தியத்தலாவையில் பயிற்சி. கடற்படைக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது, விமானப்படையினது சீனன்குடாவில். எதற்கும் சிங்களமும் ஆங்கிலமும் இப்போதே தொடங்கவேண்டும்.

வெயிலிலும் காட்டிலும் வேலை செய்கிற ஆசைதான் என்றால் எனக்குச் சந்தோஷம். அதே தியத்தலாவையில் நில அளவையாளர்களைப் பயிற்றுகிற நிறுவனமும் இருக்கிறது. ஏ.எல்லில் கணிதப் பிரிவு எடுக்கவேண்டும். அவர்களும் விளிம்பு வைத்த தொப்பிதான் போடுவார்கள், புள்ளி மட்டும் இல்லை.

பெறுபேறு வந்ததும், பாடம் தெரிவு செய்வதற்கு முன்னம், அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணிதத்தில் என்ன எடுத்திருக்கிறான் என்று பார்த்துப் பேசுவோம். தொப்பி வீட்டிலேயே இருக்கட்டும்.