3,500 வெள்ளி சம்பளம்: சிங்கப்பூரில் எவ்வளவு செலவாகும், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்?

கேள்வி: மதுரை ஒத்தக்கடையில் வசிக்கிறேன். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீசியனாக இருக்கிறேன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதி) வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தங்குமிடம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்பா, அம்மா, மனைவி, 2 வயது மகள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை 24,000 ரூபாய், மாதம் 5ஆம் தேதி வங்கியில் பிடித்துவிடுவார்கள். வீட்டுச் செலவு மருந்து மாத்திரையோடு சேர்த்து 30,000. அங்கே 1,000 வெள்ளியில் ஓட்டிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். 2,000 இல்லாமல் முடியாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? ஒரு வருடத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 1,000 வெள்ளியில் ஓட்டுகிறவர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு, சமைத்துச் சாப்பிடுகிறவராக இருப்பார். 2,000 ஆகிறது என்பவர் தனி அறை எடுத்து, மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவர். போன், பஸ், சோப்பு, முடிவெட்டு எல்லாம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. அறையும் அடுப்பும்தான் மாறும். அதனால் உங்கள் கணக்கையும் அங்கேயே ஆரம்பிப்போம்.

துவாஸ் தீவின் மேற்குக் கோடி. நம்மவர்கள் புதிதாகப் போனதும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கமே தங்கப் பார்ப்பார்கள். கோயில், சாப்பாட்டுக் கடை, பேச்சுத்துணை எல்லாம் அங்கே இருப்பதால் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் தேக்காவிலிருந்து துவாஸுக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்களுக்குத் தோது ஜூரோங் வெஸ்ட், பூன் லே பகுதி. அங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஒரு சாதாரண அறை தோராயமாக 900 முதல் 1,200 வெள்ளி வரை இருக்கும். இன்னொருவரோடு பகிர்ந்தால் உங்கள் பங்கு 500 முதல் 650 வரை. முதல் வருடம் பகிர்ந்தே தங்குங்கள் என்பேன். இரவு ஷிப்ட் உண்டா என்று கம்பெனியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நள்ளிரவையொட்டி ரயிலும் பெரும்பாலான பஸ்களும் நின்றுவிடும். கம்பெனி வண்டி இல்லையென்றால் டாக்ஸிச் செலவு இந்தக் கணக்கையே மாற்றிவிடும்.

அறை பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, சமைக்கலாமா என்பது. சில வீட்டுக்காரர்கள் சமையலே கூடாது என்பார்கள். சிலர் லேசான சமையல் என்பார்கள். அதற்குப் பெரும்பாலும் வெந்நீர், நூடுல்ஸ், அவித்த முட்டை என்றுதான் பொருள். கடுகு தாளித்து மீன் குழம்பு வைத்தால் அன்றைக்கே சண்டை வரும். அதனால் 'தினமும் சோறு வடிப்பேன், குழம்பு வைப்பேன், எண்ணெய் காய வைப்பேன்' என்று நேராகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடையில் ஒரு வேளைச் சாப்பாடு சாதாரணமாக 5, 6 வெள்ளி ஆகிறது. காலையில் பரோட்டா, டீ என்று எளிமையாக முடித்தாலும் ஒரு நாளைக்கு 15 வெள்ளிக்குக் குறையாது. மாதம் 450-ஐத் தாண்டும். வீட்டில் சமைத்து, மதியத்துக்கு டப்பாவில் எடுத்துப்போய், வாரம் இரண்டு மூன்று வேளை மட்டும் வெளியே சாப்பிட்டால் 320க்குள் அடங்கும். சமையல் இல்லாத அறை 100 வெள்ளி மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவே அல்ல. அப்புறம், உணவகத்தில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம். அரிசி, பருப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அது விலையிலேயே சேர்ந்திருக்கும்.

முதல் மாதத்துக்குச் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, வத்தல் எடுத்துப் போங்கள். ஆனால் அம்மா கட்டிக்கொடுக்கும் பொட்டலங்களை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். அதில் கசகசா இருக்கக் கூடாது. இங்கே கீழமாசி வீதியில் சாதாரணமாக வாங்குகிற பொருள்தான், சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம்.

சரி, மாதக் கணக்கு. பகிர்ந்த அறை, தண்ணீர், மின்சாரம் சேர்த்து 650. சாப்பாடு 320. பஸ், ரயில் 100. போன் 15. சோப்பு, முடிவெட்டு, சில்லறைச் சாமான் 60. ஞாயிற்றுக்கிழமை வெளியே போக 80. சளி, காய்ச்சல் என்று கிளினிக் போக 40. ஏறக்குறைய 1,265 வருகிறது. 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் செலவை ஏன் தனியாகப் போட்டேன் என்றால், எஸ் பாஸ்காரருக்குக் கம்பெனி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அந்தச் சட்டப்படியான காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால், பகல் நேர அறுவை சிகிச்சை நடந்தால்தான் உதவும். பல்வலி, காய்ச்சலுக்கெல்லாம் கம்பெனி தனியாக ஏதாவது தருகிறதா என்று கேளுங்கள்.

1,300 போனால் மிச்சம் 2,200. இதை அப்படியே ஊருக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் கடைசியில் அங்கே கடன் வாங்குகிறார்கள். மாதாமாதம் வராத செலவுகள் அந்த 2,200க்குள்தான் இருக்கின்றன.

முதலாவது வரி. இங்கே டிடிஎஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு இது புரிய நாளாகும். சிங்கப்பூரில் சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரி பிடிப்பதில்லை. இந்த வருடச் சம்பளத்துக்கு அடுத்த வருடம் மொத்தமாக பில் வரும். உங்கள் ஆண்டுச் சம்பளம் 42,000. முதல் 20,000க்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000க்கு 3.5, மேலே 7. வேலை செய்கிறவர்களுக்கான 1,000 வெள்ளிக் கழிவை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 620 வெள்ளி வரும். மனைவி, குழந்தைக்கான கழிவுகளுக்குத் தகுதி இருந்தால் இன்னும் குறையும். தொகை பெரிதல்ல. ஆனால் எடுத்து வைக்காதவருக்கு ஒரே நேரத்தில் 600 வெள்ளி என்பது பெரிது. மாதம் 50 ஒதுக்குங்கள். வேலையை விட்டு ஊர் திரும்புகிறவரின் கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்திவைத்து, வரிக் கணக்கு முடிந்த பிறகுதான் கொடுக்கும். இது அங்கே சட்டம், உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று பதற வேண்டாம்.

அடுத்தது ஊர்ப் பயணம். சித்திரைத் திருவிழாவுக்கு, பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் டிக்கெட் தேடுவார்கள், விலையும் அப்படியே ஏறும். மதுரை விமானம் கட்டுப்படியாகாமல் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து சேருகிறவர்கள் ஏராளம். டிக்கெட், சொந்தபந்தத்துக்கு வாங்குகிற சாமான், இங்கே இறங்கியதும் ஆகிற செலவு எல்லாவற்றுக்கும் மாதம் 100.

மூன்றாவது சேமிப்பு. அங்கத்திய குடிமகனாக இருந்தால் சம்பளத்தில் சிபிஎஃப் (நம் ஊர் பிஎஃப் போன்ற சேமநிதி) பிடித்து, முதலாளியும் தன் பங்கைப் போடுவார். எஸ் பாஸில் இருக்கும் உங்களுக்கு அது கிடையாது. கையில் வருவது கூடுதல்போலத் தெரியும், ஆனால் இங்கே கப்பலூரில் பிடித்துவந்த பிஎஃப்பும் நின்றுபோயிருக்கும். மாதம் 300 வெள்ளியாவது யாரும் தொடாத பணமாக இருக்கட்டும். முதலில் அது மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பாக வளர வேண்டும். வேலை போனால் அறை வாடகைக்கும் விமான டிக்கெட்டுக்கும் அதுதான் கை கொடுக்கும்.

இவை மூன்றும் 450. மீதம் 1,750. இதில் முதல் ஆறு மாதம் 1,200 வெள்ளிக்கு மேல் அனுப்பாதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 78,000 ரூபாய் வரும். தவணை 24,000, வீட்டுச் செலவு 30,000 போக 24,000 மிஞ்சும். பயணத்துக்கு வாங்கிய கடன் இருந்தால் அதில் அடையுங்கள். முதல் மாதம் ஆர்வத்தில் 1,15,000 அனுப்பினால், வீடு அந்தத் தொகைக்குப் பழகிவிடும். புது ஃபிரிட்ஜுக்குத் தவணை, சீட்டு, மச்சினன் கல்யாணத்துக்கு மொய் என்று எல்லாம் அதை நம்பியே முடிவாகும். ஓவர்டைம் குறைகிற மாதத்தில் நீங்கள் 80,000 அனுப்பினால், குறைத்துவிட்டீர்கள் என்ற வருத்தம் வரும். மனைவியிடம் முழுச் சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், எதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். மீதி 550 உங்கள் பெயரிலேயே சேரட்டும்.

முதல் சம்பளத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது சட்டம். 1ஆம் தேதி சேர்ந்தால் அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை பணம் வராமல் போகலாம். அதற்குள் இங்கே இரண்டு 5ஆம் தேதி கடந்திருக்கும். அங்கே ஒரு மாத முன்வாடகை, ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வழக்கமாக ஒரு மாத டெபாசிட், மொத்த வாடகையில் 0.4 சதவீத முத்திரைத் தீர்வை, மெத்தை, குக்கர், சாப்பாடு, பஸ் என்று 2,000 வெள்ளி கையில் வேண்டும். இங்கே இரண்டு தவணையும் ஒரு மாத வீட்டுச் செலவும் சேர்த்து 78,000 ரூபாய் வங்கியில் இருக்க வேண்டும். பிற்பாடும் ஒரு தவணைத் தொகை எப்போதும் கணக்கில் கிடக்கட்டும். சம்பளம் இரண்டு நாள் தள்ளி வந்ததால் தவணை திரும்பி, அபராதம் கட்டுவதும், கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் அடி வாங்குவதும் வீண்.

வங்கியைப் பொறுத்தவரை, வேலைக்காக வெளிநாடு போனதும் இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்கு தனியே தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அனுப்பும்போது கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், 1,000 வெள்ளி கொடுத்தால் மதுரையில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். நாலு ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று உண்டியலில் (வங்கி வழியல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் ஹவாலா முறை) போடாதீர்கள். அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் கேட்க நாதியில்லை.

குடும்பத்தை அழைப்பது பற்றி: மனைவிக்கும் குழந்தைக்கும் சார்ந்தோர் பாஸ் எடுக்க நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 3,500இல் அது முடியாது. சில வாரம் வந்து பார்த்துப் போகலாம், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் கூட்டிப்போகிறேன் என்று இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வீட்டுச் செலவு சில வருடம் தொடரும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

கிளம்புவதற்கு முன், சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு, என்னென்ன பிடித்தம் என்று அதில் இருக்கும். 3,500 என்பது ஓவர்டைம் சேர்த்துச் சொன்ன தொகையா என்பது அங்கே தெரிந்துவிடும். உங்களுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கும் கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்தை, மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. கடிதத்தில் இருக்கும் தொகையை வைத்து மேலே உள்ள கணக்கை மனைவியோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கப்பலூரில் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.