ஆறடி தூரத்தில் ஒரு பெயர்

அன்புள்ள சார்,

டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஹானர்ஸ் ஜர்னலிசம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு மயூர் விஹாரில். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) பள்ளியில் பத்தாவது வரை தமிழ் படித்ததால் உங்கள் கட்டுரைகளைத் தடுமாறாமல் வாசிக்க முடிகிறது.

மூன்று ஆண்டில் 132 கிரெடிட்டோடு வெளியே வந்துவிடலாம். நான்காம் ஆண்டும் இருந்தால் 176, அதில் டிசர்டேஷனும், அதாவது ஆய்வேடும், எழுதலாம். எது நல்லது? அப்பா, பட்டம் இல்லாமல் நிருபர் ஆனவர்கள் இல்லையா என்கிறார். இன்னொன்று, இந்தக் கோடையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். மாமாவின் நண்பர் ஒருவர் போகாமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வகுப்பில் பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வெயிலில் அலைவதற்குப் பதில் அந்த நேரத்தில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இது தவறா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதம் வந்தபோது டெல்லி ஜங்புராவில் இருந்த மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி பற்றிய செய்திகளை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் அரை நூற்றாண்டாக நம் ஆட்கள் இருந்த இடம். 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 வீடுகள், அதில் 189 குடும்பங்களுக்கு மட்டும் டெல்லியின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலாவில் மாற்று வீடு. என் கையில் கிடைத்த செய்திகளில் இந்த எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். வீடு கிடைக்காத ஒருவரின் பெயரை, வயதை, என்ன வேலைக்குப் போகிறார் என்பதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ‘வெயிலில் அலைவதற்குப் பதில்’ என்ற உங்கள் வரியைப் படித்தேன். கோபம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தியாவில் நிருபர் ஆகப் பட்டம் வேண்டும் என்று சட்டம் கிடையாது. 2013இல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளர்களுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்று அதற்கு ஒரு குழுவே போட்டார். சட்டம் ஒன்றும் வரவில்லை. அன்று அதைக் கடுமையாக எதிர்த்தேன், இன்று அந்த வேகம் இல்லை. அவதூறு வழக்கு என்றால் என்ன, ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமை மனு எப்படிப் போடுவது என்பதையெல்லாம் அடிபட்டு அடிபட்டுத்தான் நாங்கள் கற்றோம். உங்களுக்கு வகுப்பறையில் உட்கார்ந்தபடியே கிடைக்கிறது. க்யூட் நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடித்திருக்கிறீர்கள், படித்து முடியுங்கள்.

உங்கள் பாடத்திட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். செமஸ்டருக்கு 22 கிரெடிட். முதல் ஆண்டில் முதன்மைத் தாள் மூன்று, நாலு நாலாகப் பன்னிரண்டு. வேறு துறையில் எடுக்கும் தாளுக்கு 4, மொழி, தொழில்திறன், மதிப்புக் கல்வி ஒவ்வொன்றுக்கும் 2. வகுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு நாளாவது வர வேண்டும். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் போகாமல் வாங்கிய சான்றிதழை அந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்றால், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நின்று வாய் திறந்து கேள்வி கேட்கும் அந்த ஒரு பயிற்சியைத்தான் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். மற்றதையெல்லாம் வீட்டில் இருந்தே கற்றுக்கொள்ளலாம். எடிட்டிங்கும்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆங்கில நாளிதழில் சேர்ந்த புதிது. எனக்கு இருபத்து நாலு வயது. ஓக்லா பக்கம் கட்டுமான இடமொன்றில் சுவர் இடிந்து மூன்று தொழிலாளிகள் இறந்துவிட்டார்கள் என்று அனுப்பினார்கள். நான் போகும்போது உடல்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மதுரைத் தமிழ். ‘என் ராசா, என் ராசா’ என்று ஒப்பாரி. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடிகூட இருக்காது. அந்த இடத்துக்கு வந்திருந்த நிருபர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகிறவளிடம் என்ன கேட்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தாணாவுக்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் முன்ஷி கிழித்துக் கொடுத்த தாளில் மூன்று பெயர்கள் ஹிந்தியில் இருந்தன. அப்படியே எழுதி ஆறு மணிக்கு முன்னால் கொடுத்துவிட்டேன். நேரத்துக்குக் கொடுத்தான் என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

நாலு நாள் கழித்து ஒரு மேஸ்திரி அந்தப் பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அவள் மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டு, அந்தக் கார்டின் மடிப்புக்குள் என் செய்தி.

“ஊர்ல கெழவிக்கு அனுப்பலாம்னு வாங்குனேன் தம்பி. படிச்ச புள்ளைக பாத்துட்டு, இதுல பொம்பளை செத்ததாப் போட்டிருக்குங்குறாக.”

ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தேன். ‘அல்கா, பெண் தொழிலாளி.’ இறந்துபோன அவள் புருஷனுக்குச் சித்திரையில் வைகையில் இறங்குகிற சாமியின் பெயர். ‘ழ’ முன்ஷியின் காதில் ‘ல’ ஆகியிருக்கிறது, ‘க’வும் அழுத்தி விழுந்திருக்கிறது. அவசரமாக எழுதிய கடைசி ‘ர’, ஹிந்தி எழுத்தில் வெறும் கோடாக நின்றுவிட்டது. அந்தக் கோட்டை நெடில் குறி என்று வாசித்தவன் நான். அல்கா என்றால் பெண் பெயர்தானே என்று பெண் தொழிலாளி ஆக்கியவனும் நான்தான்.

சரியான பெயரைச் சொல்லுங்கம்மா என்றேன். அவள் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. மேஸ்திரி சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவளே சேலைத் தலைப்பை விலக்கி இடது முன்கையை என் பக்கம் நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருந்தது. எழுத்து கொஞ்சம் பரவி, கோணலாக, ஆனால் ‘ழ’ முழு ‘ழ’வாக இருந்தது. அன்று அந்தச் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் மார்பில் அடித்துக்கொண்டிருந்ததும் அதே கைதான். குனிந்திருந்தால் போதும், கேட்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அதை வாங்கிக்கொள்ள அவள் திரும்பவும் வந்தாள். ஆங்கிலம் தெரியாது என்பதால் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். பேர் எந்த எடத்துல இருக்கு என்று கேட்டாள். பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு வேண்டாம், அச்சு மட்டும் இருக்கட்டும் என்று வேறொரு பிரதி கேட்டு வாங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த இத்தனை வருடங்களில் சம்பந்தப்பட்டவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்காமல் ஒரு பெயரையும் நான் எழுதியதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்னைத் திட்டியதெல்லாம் இதற்காகத்தான். போனில் கேட்டேன் சார், போலீஸ் பிரஸ் நோட்டில் இருக்கிறது சார் என்பார்கள். திருப்பி அனுப்புவேன். பிரஸ் நோட்டில் இருப்பது போலீஸ்காரர் காதில் விழுந்த பெயர். உங்கள் காதில் என்ன விழுந்தது என்று கேட்பேன்.

அதனால் மாமாவின் நண்பருக்கு இன்றே போன் செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். பல பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கணக்கம்மா? அந்தப் பேர்கள் நாளைக்கு எந்த மேசையில் உட்கார்ந்து யாருடைய பெயரைத் தப்பாக எழுதப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது. நீங்களும் அதில் ஒருத்தியாக வேண்டாம். பத்து வருடம் தமிழ் படித்தவள் நீங்கள். டெல்லியில் அது எதற்கு உதவும் என்று பள்ளியில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் வேறு யாராலும் கேட்க முடியாத கேள்வியை உங்களால் கேட்க முடியும்.

சான்றிதழுக்கு ஒழுங்கான இடம் தேடித் தருவது என் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒரு வேலை. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் பிங்க் லைனில் லாஜ்பத் நகர், அங்கே வயலட் லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ஜங்புரா. இறங்கி, அக்கம்பக்கத்தில் இட்லிக் கடை, இஸ்திரி வண்டி என்று விசாரித்தாலே கேம்ப்காரர்கள் எங்கே போனார்கள் என்று சொல்வார்கள். பிறகு ஒருநாள் நரேலா. மஞ்சள் லைனில் சமய்பூர் பாத்லி வரை போய், மீதித் தூரத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். காலையில் கிளம்பினால் மத்தியானம் ஆகிவிடும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் இருக்கும். அங்கிருந்து வேலைக்குப் போய் வருகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று குடும்பம் போதும். வீடு கிடைக்காத குடும்பம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி, எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

மூன்று வருடமா நாலு வருடமா என்று கேட்டிருந்தீர்கள். டிசர்டேஷன் என்பது செமஸ்டருக்கு 6 கிரெடிட். எழுத விஷயம் இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் மூன்றோடு வந்துவிடுங்கள். நரேலா போய்வந்து எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.