ஜாஸ் கூடத்தை முதலில் காதுக்காக அமையுங்கள்

கேள்வி: எங்கள் விடுதியின் பாரை ஒட்டி 40 அடி நீளம், 20 அடி அகலம், 14 அடி உயரத்தில் ஒரு கூடம் உள்ளது. கருங்கல் தளம், பூசிய சுவர். அதை 1930-களின் பாணியில் ஜாஸ் இசையும் காக்டெயிலும் கிடைக்கும் இடமாக மாற்றப் பழைய படங்களும் பித்தளை விளக்குகளும் வாங்கத் தொடங்கியுள்ளோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், வேலூர்

பதில்: படங்கள் காத்திருக்கட்டும், முதலில் கூடத்தின் நடுவில் நின்று பலமாகக் கைதட்டிப் பாருங்கள். கருங்கல்லும் வழவழப்பான பூச்சும் ஒலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்புவதால், இந்த அளவுள்ள வெற்றுக் கூடத்தில் ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆகும் என்று, அறையின் கன அளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் கொண்டு கணிக்கும் சபைன் சூத்திரப்படி கணக்கிடலாம். ஜாஸுக்கு அது 1 விநாடியை ஒட்டி இருந்தால்தான் டிரம்ஸின் தட்டுகள் தனித்தனியே கேட்கும். தாழ்ந்த சுரம் தரும் பெரிய நரம்பிசைக் கருவியான டபுள் பேஸின் சுரங்களும் குழம்பாது.

40 பேர் அமர்ந்தாலும் இந்த எதிரொலி போதிய அளவு குறையாது. ஆகவே கூரையின் அடியில் சுமார் 300 சதுர அடிக்கு, 2 அங்குலக் கனமுள்ள ராக் வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளைக் கறுப்புத் துணி போர்த்திப் பொருத்துங்கள். கூரையும் தாழ்ந்தது போலத் தெரியும். அக்காலக் கூடங்களில் நாம் அழகு என்று ரசிக்கும் பொருள்கள் பலவும் ஒலியை அடக்குபவைதாம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த வெல்வெட் திரை மேல்சுரங்களை உறிஞ்சும். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, சட்டத்தின் மேல் அடித்த மெல்லிய மரப்பலகை தானே அதிர்ந்து தாழ்ந்த ஒலியை வாங்கிக்கொள்ளும். சுவரோடு ஒட்டி அறைந்தால் அது வெறும் அலங்காரமே என்பதால், இந்த இடைவெளியைத் தச்சரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். திரைக்கும் துணிக்கும் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

1935-இல் தொடங்கிய நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் ஜாஸ் விடுதி ஒரு முக்கோண நிலவறை. அங்கே நேருக்கு நேர் நிற்கும் சுவர்கள் குறைவு, அதனால் ஒலி இரு சுவர்களுக்கிடையே மாறி மாறித் தெறிப்பதும் குறைவு. உங்களுடையது நீள்சதுரம் என்பதால், மேடையை 20 அடிச் சுவரில் வைத்து எதிர்ச்சுவரைத் திரையால் மூடுங்கள். பார் கவுன்ட்டர் பக்கச்சுவரின் பின்கோடியில், 42 அங்குல உயரத்தில் அமையட்டும். அதற்கு 30 அங்குல ஸ்டூல் பொருந்தும். ஐஸ் இயந்திரத்தையும் குளிர்பெட்டியையும் அடுத்த அறைக்கு மாற்றுங்கள், ஏனெனில் மெல்லிய பியானோ வாசிப்பைக் கெடுக்க ஒரு கம்ப்ரஸரின் உறுமல் போதும்.

இருக்கைத் தோலுக்கு ராணிப்பேட்டையும் ஆம்பூரும் அருகிலேயே உள்ளன. காலணித் தோலாக இல்லாமல், இருக்கை உறைக்கென்றே பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கிய பித்தளை விளக்குகளில் 2700 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) மேற்படாத பல்புகளைப் பொருத்தி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் வையுங்கள். உரிமத்துக்காகக் கொடுத்த வரைபடத்திலிருந்து பாரின் எல்லை மாறுமானால், வேலையைத் தொடங்கும் முன்பே மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.